போனெல்லி என்பது ஒருவரா, மூவரா?

தம்பி: மாமா, டெக்ஸ் வில்லர் காமிக்ஸ் புத்தகத்தில் செர்ஜியோ போனெல்லி என்று போட்டிருக்கிறதே, டெக்ஸை உருவாக்கியவர் அவர்தானே?

பெரிய மாமா: இல்லைப்பா, செர்ஜியோ மகன். பதிப்பகத்துக்கு அவர் பெயர். டெக்ஸை உருவாக்கியது அப்பா, ஜான் லூயிஜி போனெல்லி. மிலான் நகரத்துக்காரர், 1908-இல் பிறந்தவர். டெக்ஸ் முதன்முதலில் வெளிவந்தது 1948 செப்டம்பர் 30. படம் போட்டவர் அவுரேலியோ கலெப்பினி.

அக்கா: இத்தாலிக்காரரா? கதை முழுக்க அமெரிக்காவின் அரிசோனாவும் நவஹோ செவ்விந்தியர்களும்தானே மாமா?

பெரிய மாமா: கதைதான் அங்கே நடக்கிறது. எழுதியது, வரைந்தது, அச்சடித்தது எல்லாம் இத்தாலியில். அப்போது அவர்கள் பெரிதாக நம்பியிருந்தது வேறொரு சாகசத் தொடரை. கலெப்பினி பகலில் அதை வரைந்துவிட்டு ராத்திரியில் டெக்ஸுக்கு உட்காருவார். நம்பியிருந்த தொடர் சீக்கிரமே நின்றுபோனது. ராத்திரியில் வரைந்தது இன்றுவரை ஓடுகிறது. 2019-இல் 700ஆவது இதழ் வந்துவிட்டது.

தம்பி: 700-ஆ!!

சின்ன மாமா: அது முதன்மைத் தொடர் மட்டும்டா. ஸ்பெஷல், பெரிய சைஸ், இளம் டெக்ஸ் எல்லாம் தனி. ஆரம்பத்தில் இப்படிப் புத்தகமாகவும் வரவில்லை. பக்கத்துக்கு ஒரே ஒரு வரிசைப் படங்கள், காசோலைப் புத்தகம் மாதிரி நீளவாக்கில் சின்னதாக இருக்கும்.

அத்தை: சரி, அப்பா எழுதினார், மகன் பெயரில் பதிப்பகம். அம்மா எங்கே? அந்த வீட்டில் அவர் ஒன்றும் செய்யவில்லையா?

பெரிய மாமா: நல்ல கேள்வி கேட்டாய். எல்லாவற்றையும் தாங்கிப் பிடித்தவரே அவர்தான். தேயா என்று பெயர். போனெல்லியும் அவரும் பிரிந்துவிட்டார்கள், பதிப்பகம் தேயாவின் பொறுப்பில் வந்தது. போர் முடிந்த கையோடு ஒரு பெண் தனியாக நின்று பதிப்பகம் நடத்துவது எவ்வளவு பெரிய காரியம்! நாயகனுக்குப் போனெல்லி முதலில் வைத்த பெயர் டெக்ஸ் கில்லர். அதை வில்லர் என்று மாற்றச் சொன்னதும் தேயாதான்.

அத்தை: பிரிந்த பிறகும் அவரிடமே கதை எழுதிக் கொடுத்தாரா?

பெரிய மாமா: ஆமாம், பல வருஷம். அப்புறம் மகன் பொறுப்புக்கு வந்தார்.

அத்தை: இரண்டு பேருமே பெரிய மனசுக்காரர்கள். சண்டையை வேலைக்குள் கொண்டுவரவில்லை பாருங்கள்.

சின்ன மாமா: எனக்கு அப்பா போனெல்லி எழுத்தில் உயிர் என்றால் லிலித் பகுதிதான். நவஹோக்கள் டெக்ஸைப் பிடித்துக் கம்பத்தில் கட்டிவைத்திருக்கிறார்கள். சாகப் போகிறவனைத் தலைவரின் மகள் லிலித், தன் கணவனாக ஏற்கிறேன் என்று சொல்லிக் காப்பாற்றுகிறாள். பிறகு அம்மை நோய் தொற்றிய கம்பளிகளை நவஹோக்களிடம் தள்ளிவிடுகிற வெள்ளைக்காரக் கயவர்களால் அவள் செத்துப்போகிறாள். அந்தக் கோபம் டெக்ஸை விட்டுப் போகவே இல்லை.

அக்கா: ஐயோ. அதனால்தான் டெக்ஸின் மகன் கிட்டுக்கு அம்மா இல்லையா?

சின்ன மாமா: ஆமாம்மா. யோசித்துப் பார், செவ்விந்தியர் என்றாலே வில்லன் என்று காட்டிக்கொண்டிருந்த காலம். இவர் தன் நாயகனை நவஹோக்களுக்கே தலைவனாக்கினார். நாம் இரவுக் கழுகார் என்று கூப்பிடுவது அவர்கள் அவனுக்கு வைத்த பெயர்தானே. வெள்ளை அதிகாரி தப்புச் செய்தால் சட்டையைப் பிடிக்கிறவனாகவே கடைசி வரை எழுதினார். இதற்காகவே அவரை நான் கும்பிடுவேன்.

தம்பி: எல்லாக் கதையையும் அவரேவா எழுதினார்?

பெரிய மாமா: 1970-களின் நடுப்பகுதி வரை ஏறக்குறைய எல்லாமே அவர் கை. அதன்பின் செர்ஜியோவும் எழுதினார், ஆனால் சொந்தப் பெயரில் இல்லை. அப்பாவோடு குழப்பிக்கொள்ளக் கூடாது என்று குயிடோ நொலித்தா என்ற புனைபெயர். 1980-களில் கிளாவுதியோ நிஸ்ஸி வந்தார், பிறகு மௌரோ போசெல்லி.

அக்கா: அப்பா போனெல்லிக்குச் சலிக்கவில்லையா மாமா? ஒரே ஆளைப் பற்றி முப்பது நாற்பது வருஷம் எழுதுவது என்றால்...

பெரிய மாமா: டெக்ஸுக்கு முன்னால் அவர் சாகச நாவல்கள் எழுதியவர். காமிக்ஸுக்குக் கடனாகப் போன நாவலாசிரியன், திரும்பி வரவே இல்லை என்று தன்னைச் சொல்லிக்கொள்வார். எனக்கு அதில் வருத்தம் தெரியவில்லை. டெக்ஸும் அவன் நண்பர் கார்சனும் ஊருக்குள் நுழைந்ததும் மூன்று விரல் உயரக் கறித்துண்டும் மலையாக வறுத்த உருளைக்கிழங்கும் கேட்பார்களே, கார்சன் புலம்பிக்கொண்டே பின்னால் வருவாரே, அதையெல்லாம் சலித்துப்போனவன் எழுத முடியாது.

சின்ன மாமா: 1985-இல் டெக்ஸ் சினிமா வந்தது. ஜூலியானோ ஜெம்மா நடித்தது. அதில் கதை சொல்கிற முதிய செவ்விந்தியராகப் போனெல்லியே வருகிறார்.

தம்பி: நிஜமாகவா? சூப்பர் மாமா!

பெரிய மாமா: 2001 ஜனவரியில் 92 வயதில் காலமானார். எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் இத்தனை வருஷமாகத் தமிழில் கொண்டுவருகிறது, டெக்ஸைத் தெரியாத காமிக்ஸ் வாசகர் நம் பக்கம் இல்லை. ஆனால் அவனை எழுதியவர் பெயரைக் கேட்டால் பாதிப்பேர் பதிப்பகத்தின் பெயரைச் சொல்கிறார்கள்.

தம்பி: இனி நான் சரியாகச் சொல்வேன். அப்பா போனெல்லி எழுதியதில் முதலில் எதைப் படிக்கட்டும்?

சின்ன மாமா: மந்திரவாதி மெபிஸ்டோ வருகிற பழைய கதைகளை எடு. அந்த வில்லனை உருவாக்கியதும் அவர்தான். என்னிடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக்கொள். அட்டை மடங்காமல் திருப்பித் தர வேண்டும்.

அக்கா: அவன் படித்ததும் எனக்கு.

அத்தை: எனக்கு அந்த லிலித் கதை இருந்தால் அனுப்புங்கள்.