சாரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்கள் யாராவது?

துவாஸ் தம்பி:
போன மாதம் சாரத்தின் இரண்டாம் தட்டிலிருந்து விழுந்தேன். கீழே ஈர மணல் குவியல். மணிக்கட்டு மட்டும் முறிந்தது. ஒரு பூட்ஸ் மேலேயே மாட்டிக்கொண்டு தொங்கியது. இன்னும் லிஃப்ட் இறங்கினாலே வயிறு கலங்குகிறது. இதைவிட உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர்கள் உண்டா?

தேக்கா அண்ணன்:
உண்டு தம்பி. 1972இல் வெஸ்னா வுலோவிச் என்ற விமானப் பணிப்பெண் 10,160 மீட்டரிலிருந்து விழுந்து பிழைத்தார். உடைந்த விமானப் பகுதிக்குள்ளேயே சிக்கியிருந்தார்; விழுந்த இடம் பனி மூடிய மலைச்சரிவு. உனக்கு மணல், அவருக்குப் பனி. மெதுவாக நிறுத்துகிற எதுவும் அடியைக் குறைக்கும்.

பழைய சிராங்கூன்வாசி:
இங்கே சிங்கப்பூரிலேயே 1986இல் ஹோட்டல் நியூ வேர்ல்ட் கட்டடம் இடிந்ததே! 33 பேர் இறந்துபோய்விட்டார்கள். 17 பேரை உயிரோடு எடுத்தார்கள். எம்ஆர்டி ரயிலுக்குச் சுரங்கம் தோண்டியவர்களும் வந்து குடைந்தார்கள். அப்புறம், அந்த வயிற்றுக் கலக்கத்தை டாக்டரிடம் சொல்லு.

துவாஸ் தம்பி:
சரி அண்ணே. மணலை மறுநாளே அள்ளிவிட்டார்கள். பூட்ஸ் இன்னும் தொங்குகிறதாம்.