ப்ராக்ஸ்மாக்ஸில் ராம், சிபியு கூட்டியும் விண்டோஸ் பழைய கணக்கையே காட்டுது

கீழமாசி_கணக்கு:
மொத்தக் கடை ஒண்ணுல டேலி ஓடுற பிசி. 16 ஜிபி ராம், 6 கோர், ப்ராக்ஸ்மாக்ஸ் 8 (ஒரு பிசிக்குள்ள மெய்நிகர் கம்ப்யூட்டர்களை ஓட்டுற மென்பொருள்). உள்ளே ஒரே விஎம், அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர்: விண்டோஸ் 10 ப்ரோ, 64 பிட். டேட்டா ஃபோல்டரை 5 மேசைலருந்து ஷேர்ல திறக்கிறாங்க. ராமை 4லருந்து 8 ஜிபி ஆக்கினேன், சாக்கெட்டை (விஎம்முக்குக் காட்டுற சிபியு சிப் எண்ணிக்கை) 2லருந்து 4. டிஸ்க் 60 ஜிபி, அதை 120 ஆக்கணும்னு ரீசைஸ்ல 120னு போட்டேன். விண்டோஸை ரீஸ்டார்ட் பண்ணியும் டாஸ்க் மேனேஜர்ல அதே 4 ஜிபி, அதே 2 சிபியு. சி டிரைவ் 60தான். ஆனா டிஸ்க் மேனேஜ்மென்ட்ல 120 ஜிபி காலி இடம் வந்திருக்கு, எக்ஸ்டெண்ட் வால்யூம் மட்டும் மங்கிக் கிடக்கு.

யானைமலை:
ஹார்டுவேர் பக்கத்துல பாருங்கண்ணே, புது எண்ணு பழைய எண்ணுக்குக் கீழ வேற நிறத்துல நிக்கும். இன்னும் ஏறலைன்னு அர்த்தம். விண்டோஸ் உள்ளே ரீஸ்டார்ட் கொடுத்தா விண்டோஸ் மட்டும்தான் மறுபடி எழும். வெளியே விஎம்மைத் தாங்குற கியூஎம்யு ப்ராசஸ் அப்படியே ஓடிக்கிட்டிருக்கும். ராமும் சிபியுவும் அந்த ப்ராசஸ் புதுசா கிளம்பும்போதுதான் எடுத்துக்கும். ஷட்டவுன் பண்ணி, ப்ராக்ஸ்மாக்ஸ்ல ஸ்டாப்டுன்னு வந்தப்புறம் ஸ்டார்ட் கொடுங்க. ப்ராக்ஸ்மாக்ஸோட ரீபூட் பட்டனும் இதையே செய்யும்.

டிஸ்க் மட்டும் உடனே வந்ததுக்குக் காரணம் ஹாட்பிளக், அதாவது விஎம் ஓடும்போதே மாத்துற வசதி. டிஸ்க், நெட்வொர்க், யுஎஸ்பி மூணுக்கும் அது தானா இருக்கும். ராம், சிபியுக்கு இல்லை.

இன்னொண்ணு, ரீசைஸ் பெட்டி கேக்குறது எவ்வளவு கூட்டணும்னு. 60 போட்டிருக்கணும், 120 போட்டு இப்ப 180 ஆயிருச்சு. அந்தத் திரையில குறைக்க வழி கிடையாது. டிஸ்க் எல்விஎம்-தின்ங்கிற சேமிப்பு முறையில இருந்தா எழுதின அளவுதான் இடம் பிடிக்கும், விட்டுருங்க. ஆனா பூல் (அதோட மொத்த சேமிப்பு இடம்) நிறையுதான்னு அப்பப்பப் பாருங்க. அது முழுசா நிறைஞ்சா விஎம் நின்னுரும்.

கீழமாசி_கணக்கு:
ஷட்டவுன் பண்ணி ஏத்தியாச்சு. ராம் 8 வந்துருச்சு. சிபியு இன்னும் 2தான்.

சேவையகன்:
அது விண்டோஸின் உரிம வரம்பு. விண்டோஸ் 10 ப்ரோ 2 சாக்கெட்டுக்கு மேல் பயன்படுத்தாது, ஹோம் என்றால் 1. சாக்கெட்டுக்கு ஒரு கோர் என 4 கொடுத்ததால் மற்ற இரண்டும் வீண். சாக்கெட் 1, கோர் 4 என்று மாற்றி மறுபடி முழுதாக அணைத்து ஏற்றுங்கள்.

சி டிரைவுக்கும் காலி இடத்துக்கும் நடுவே சின்ன ரெக்கவரி பார்ட்டிஷன் (விண்டோஸ் பழுதானால் மீட்க ஒதுக்கிய பகுதி) உட்கார்ந்திருக்கும். விண்டோஸ் ஒட்டியிருக்கும் இடத்தை மட்டும்தான் சேர்க்கும், நடுவே ஒரு சுவர் இருந்தால் எக்ஸ்டெண்ட் மங்கிவிடும். வேலையைக் கடை அடைத்த பிறகு தொடங்குங்கள். முதலில் ப்ராக்ஸ்மாக்ஸ் பேக்கப், அதோடு டேலி டேட்டா ஃபோல்டரை பென்டிரைவில் ஒரு நகல். பிறகு அட்மினாகக் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து 'ரீஏஜென்ட்சி /டிசேபிள்' (reagentc /disable), இது அந்த மீட்பு வசதியை நிறுத்தும். அடுத்து டிஸ்க்பார்ட் (diskpart) என்ற டிஸ்க் கருவி: 'செலக்ட் டிஸ்க் 0', 'லிஸ்ட் பார்ட்டிஷன்'. வகையில் ரெக்கவரி என்று இருக்கும் எண்ணை மட்டும் செலக்ட் செய்து 'டெலீட் பார்ட்டிஷன் ஓவர்ரைடு'. எண்ணை இரண்டு தடவை பாருங்கள், இந்தக் கட்டளை மறுபடி கேட்காது. பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவை எக்ஸ்டெண்ட் செய்து, கடைசியில் 'ரீஏஜென்ட்சி /எனேபிள்'.

யானைமலை:
மெமரில அட்வான்ஸ்டு டிக் பண்ணி மினிமம் எவ்வளவுன்னு பாருங்க. 8க்குக் கீழ இருந்து, பலூன் டிரைவரும் (விஎம் ராமைத் திருப்பி எடுக்க உதவுறது) போட்டிருந்தா, ஹோஸ்ட் (ப்ராக்ஸ்மாக்ஸ் ஓடுற பிசி) ராம் 80 சதவீதம் தாண்டுறப்ப விஎம்கிட்டருந்து பிடுங்கும். ஒரே விஎம்தானே, ரெண்டையும் 8 ஆக்கிருங்க. ஹோஸ்ட்ல ஜெட்எஃப்எஸ்ங்கிற ஃபைல் சிஸ்டம் போட்டிருந்தா அதையும் கவனிங்க: ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1க்கு முன்னாடி இன்ஸ்டால் பண்ணதுன்னா அதோட கேஷ் பாதி ராம் வரைக்கும் ஏறும். 16ல 8 அதுக்கே போயிரும்.

கீழமாசி_கணக்கு:
எல்விஎம்-தின்தான். சாக்கெட் 1, கோர் 4 போட்டதும் 4 காட்டுது. ரெக்கவரி 4ஆவது பார்ட்டிஷனா இருந்துச்சு, எடுத்தாச்சு. சி டிரைவ் 179 ஜிபிக்கு மேல. மினிமம் 2 ஜிபில கிடந்துச்சு, 8 ஆக்கிட்டேன்.