புதுப்பிப்பு: கார் பெயின்டில் ஒட்டிய தாரும் சீமெந்தும் போய்விட்டன

கொழும்பின் கடலோர வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் வீதி வேலை நடந்தபோது காரில் தாரும் சீமெந்தும் ஒட்டியதை எப்படி எடுப்பதென்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லோருக்கும் நன்றி.

மண்ணெண்ணெய் சொன்ன அண்ணாவின் யோசனைதான் கைகொடுத்தது. நிழலில் நிறுத்தி, முதலில் தண்ணீர் அடித்து மணலைப் போக்கினேன். இதை விட்டால் துடைக்கும் துணியே பெயின்டைக் கீறிவிடும். மண்ணெண்ணெய் நனைத்த மென்துணியை 2 நிமிடம் வைத்ததும் தார் கரைந்து வந்தது. உடனே ஷாம்பு போட்டுக் கழுவினேன். சீமெந்து அதற்கு அசையவில்லை. பாதி தண்ணீர் கலந்த வினாகிரியில் ஊறவைத்து, 3 தடவையில் போனது.

எதிர்பாராதது ஒன்று: முன் சில்லுக்குப் பின்னால், தாருக்கு அடியில் கல் பட்டுப் பெயின்ட் பெயர்ந்து இரும்பு தெரிந்தது. கடற்காற்றில் துரு சீக்கிரம் பிடிக்கும், அன்றே டச்சப் பெயின்ட் (பெயர்ந்த இடத்தில் மட்டும் தொட்டு வைக்கும் பெயின்ட்) வைத்தேன். அப்புறம் வேக்ஸ் பூசினேன். இப்போது படும் தார் லேசாகத் துடைக்க வருகிறது.