குடமுருட்டிப் படித்துறை மண்டபம் விழுந்தது 1924-இலா, 1952-இலா?

குடமுருட்டிக்கரை:
திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையில் உள்ள எங்கள் ஊர்க் கோயிலின் குடமுழுக்கு மலருக்கு ஊர் வரலாற்றை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. படித்துறையில் நின்ற கல் மண்டபம் எப்போது விழுந்தது என்பதில் ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. மேலத்தெருவார் 1924 பெருவெள்ளம் என்கிறார்கள். கீழத்தெருவார் 1952 கார்த்திகைப் புயல் என்கிறார்கள்.

எங்கள் வீட்டுப் பரணில், கொக்கிக் கம்பியில் குத்தி மாட்டிய பழைய கடிதக் கட்டு ஒன்று கிடைத்தது. ரங்கூனில் வேலை பார்த்த சின்னப் பாட்டனார் தம் அண்ணனுக்கு எழுதிய கார்டு ஒன்றில், மண்டபம் போன சங்கதியைத் தாங்கள் எழுதக் கண்டு மிகவும் விசனப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. மேலே ‘ஆவணி ௴ 9 ௳’ (ஆவணி மாதம் 9-ஆம் தேதி) என்பது மட்டும் தெரிகிறது. வருஷத்தின் பெயர் இருந்த இடத்தைக் கம்பி துளைத்து, துரு தின்றுவிட்டது. அஞ்சல் முத்திரையும் மங்கல். இதை ஆதாரமாகக் கொள்ளலாமா?

அரையணா:
வருஷத்தின் பெயர் போனாலும் கார்டு இருக்கிறதே ஐயா. அதில் அச்சாகியிருக்கும் தலை யாருடையது, விலை என்ன என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்கும் 1936-க்கும் இடைப்பட்ட ஆட்சிக்காலம். அரையணா என்றால் 1922-க்குப் பிந்தியது, ஏனெனில் அதுவரை கார்டு காலணாதான். இன்னொன்று முக்கியம்: பர்மா 1937 ஏப்ரல் வரை பிரிட்டிஷ் இந்தியாவின் மாகாணம் என்பதால், ரங்கூனிலும் இந்தியக் கார்டுதான் விற்றது. ஆகவே இந்தியக் கார்டு ரங்கூனில் எழுதப்பட்டு வந்திருந்தால், அது 1952-ஐப் பற்றியதாக இருக்கவே முடியாது.

குடந்தையார்:
காலத்தை அவர் சொன்ன வழியில் நிச்சயம் செய்யலாம். ஆனால் காலம் சரியாக இருப்பதாலேயே கடிதத்தில் உள்ள ஒவ்வொரு வரியும் சரியாகிவிடாது. எங்கள் ஊர்க் கணித மேதை இராமானுசன் 1913 ஜனவரி 16-இல் ஆங்கிலக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், தமக்கு ஏறக்குறைய 23 வயது என்று எழுதினார். 1887 டிசம்பரில் பிறந்தவருக்கு அப்போது 25 நிறைந்திருந்தது. அதே கடிதத்தில் சென்னைத் துறைமுகக் கணக்குப் பிரிவில் எழுத்தராக இருப்பதாக அவர் சொன்னது முற்றிலும் உண்மை. அதனால் கடிதத்தை மொத்தமாக நம்புவதும் மொத்தமாகத் தள்ளுவதும் தவறு. வரிவரியாக எடைபோட வேண்டும்.

உங்கள் சின்னப் பாட்டனார் மண்டபத்தைக் கண்ணால் பார்க்கவில்லை, அண்ணன் எழுதியதைத் திருப்பிச் சொல்கிறார். பார்த்தவர் எழுதிய கடிதமே மூல சாட்சி. அது உங்கள் பரணில் இருக்காது, பெற்றவர் வீட்டில்தான் இருக்கும். தரங்கம்பாடியிலிருந்து ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு தம் நாட்டுக்கு எழுதியவற்றைப் படிக்க ஜெர்மனியின் ஹாலேவுக்குப் போகவேண்டியிருப்பதும் இதனால்தான். சின்னப் பாட்டனாரின் வழியினரைத் தேடுங்கள்.

கீழத்தெரு:
தம்பி, நானும் நம் ஊர்தான். என் தாயார் 1946-இல் மணமாகி வந்தவர். அந்த மண்டபத்தில் உட்கார்ந்து துணி துவைத்ததைப் பலமுறை சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்பவர் அல்லர். வெள்ளம் தலைக்கு மேல் ஓடினாலும் ‘மண்டபம் போயிற்று’ என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். மூழ்கியதா, விழுந்ததா என்பதை அந்த ஒரு சொல் தீர்க்காது.

குடமுருட்டிக்கரை:
கீழத்தெரு அண்ணன் சொன்னது என்னைக் கட்டு முழுவதையும் மறுபடி படிக்க வைத்தது. முதல் கார்டு இந்தியக் கார்டுதான்: ஐந்தாம் ஜார்ஜ் தலை, அரையணா. அதே கம்பியில், வருஷத்தின் பெயர் சேதமில்லாத இன்னொரு கார்டு இருக்கிறது: பிரஜோத்பத்தி, மார்கழி, அதாவது 1931 டிசம்பர் அல்லது 1932 ஜனவரி. ஆற்றில் சாய்ந்த தூண்களைக் கரையேற்றியாயிற்றா என்றும், மேற்கே நிற்கும் பாதிக்குக் கீற்றாவது போடக்கூடாதா என்றும் அதில் கேட்கிறார். சாய்ந்தது பாதி, நின்றது பாதி. அண்ணனின் தாயார் உட்கார்ந்தது அந்த மேற்குப் பாதியில்தான் என்று நான் நம்புகிறேன்.

மூலக் கடிதத்தையும் தேடினேன். சின்னப் பாட்டனார் குடும்பம் 1942-இல் ஜப்பானியப் படைக்கு அஞ்சி, ரங்கூனிலிருந்து கால்நடையாகத் திரும்பியது. உடுத்திய துணியோடு வந்தவர்களிடம் கடிதம் எதுவும் இல்லை.

ஆகவே மலரில், 1931-க்குள் மண்டபத்தின் பாதி ஆற்றில் சாய்ந்துவிட்டது என்பதைக் கடித ஆதாரத்துடன் எழுதுகிறேன். அது 1924 வெள்ளத்தில் என்பதை ஊர் நினைவாகவும், எஞ்சிய பாதி 1952 புயலில் விழுந்தது என்பதைக் கீழத்தெரு முதியோர் வாய்மொழியாகவும் தனித்தனியே குறிப்பிடுவேன். அச்சுக்குப் போகும் முன் அண்ணன் ஒருமுறை படித்துப் பார்த்துத் தர வேண்டும்.