வாவிப் பங்கசு: மூன்றாம் உபவளர்ப்பில் (புது ஊடகத்துக்கு மாற்றி வளர்த்ததில்) பற்றீரியாவைத் தடுக்கும் செயற்பாடு போய்விட்டது, உதவி தேவை

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்புக் கல்லடிப் பக்கம் கண்டல் இலைக்குள் இருந்து பிரித்த பங்கசு ஒன்றைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

இலையை 70% எதனோலில் 1 நிமிடம், 1% சோடியம் ஹைப்போகுளோரைற்றில் 2 நிமிடம் வைத்து, கிருமியழித்த நீரில் மூன்று தரம் கழுவினோம். கடைசிக் கழுவல் நீரைத் தனித்தட்டில் பூசியும் எதுவும் முளைக்கவில்லை. ஆகவே இது வெளியே ஒட்டிய வித்தி அல்ல.

1 லீற்றர் குடுவையில் 100 கிராம் பச்சையரிசி, 100 மில்லிலீற்றர் கடல்நீர், அசைக்காமல் 28 நாள். எதைல் அசிற்றேற்று என்ற கரைப்பானில் எடுத்த சாறு தோய்த்த வட்டு முதல்முறை ஸ்ரபைலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பற்றீரியாத் தட்டில், பற்றீரியா வளராத 14 மில்லிமீற்றர் வளையம் தந்தது. இப்போது வட்டின் விளிம்புவரை பற்றீரியா மூடிவிடுகிறது. பங்கசு இடாத வெறும் அரிசிச் சாறு இருமுறையும் வளையம் தரவில்லை. கரைப்பான் மிச்சத்தின் வேலையல்ல.

செழிப்பான ஏகாரில் (கூழ்போன்ற வளர்ப்பு ஊடகத்தில்) திரும்பத் திரும்ப மாற்றியதுதான் காரணம் என்று நம்புகிறோம். உணவு தாராளமாகக் கிடைத்தால் பங்கசு இத்தகைய சேர்வைகளைச் செய்யும் மரபணுக்களை அடக்கிவிடும். முதல் தட்டின் ஒரு துண்டு கிருமியழித்த நீரில் பத்திரமாக இருக்கிறது. அதைத் தொட முன் கேட்கிறோம்: ஊடகத்தை ஐந்திலொன்றாக மெலிதாக்கியோ, அவித்த கண்டல் இலைத்துண்டு சேர்த்தோ யாராவது மீட்டிருக்கிறீர்களா?

மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ −80 பாகை உறைபெட்டியில் 12 குழாய்க்கு இடம் தரமுடியுமா? 20% கிளிசரோலில் நாங்களே போட்டுத் தருவோம். 1945இல் சார்டினியாக் கடலோரக் கழிவுநீரில் இத்தாலிய ஆய்வாளர் புரொட்சு பிரித்த பங்கசுதான் செபலோஸ்போரின் என்ற பற்றீரியாக்கொல்லி மருந்தைத் தந்தது. இதைச் சாகவிட மனமில்லை.