பயொப்சி ரிப்போர்ட் வரும்வரை இரவை எப்படிக் கழிப்பது?

கொட்டாஞ்சேனைக்காரி:

வணக்கம். எனக்கு 38 வயது. கொழும்பு பிரதான வீதியில் ஒரு புடவைக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு ஜம்பட்டா வீதிப் பக்கம். அம்மா, பத்து வயது மகன், நான். அவர் கட்டாரில்.

ஜனவரியில் தலை இழுக்கும்போது வலது பக்கக் கழுத்தில் புளியங்கொட்டை அளவில் ஒன்று கையில் பட்டது. நோகவில்லை. பல்லில் ஏதோ, அதற்கு நெறி போட்டிருக்கிறது என்று விட்டுவிட்டேன். மார்ச்சில் பார்த்தால் நெல்லிக்காய் அளவு, பக்கத்தில் இன்னொன்று. பின்னேரமானால் மெல்லிய காய்ச்சல். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை, 4 கிலோ குறைந்திருந்தது. டொக்டர் "இரவில் வியர்க்கிறதா?" என்று கேட்டார். ஏப்ரல் மாதத்தில், தகரக் கூரைக்குக் கீழே, கொட்டாஞ்சேனையில் யாருக்குத்தான் வியர்க்காது என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் இது எழும்பித் தலையணை உறை மாற்றுகிற வியர்வை. சொன்னேன். எழுதிக்கொண்டார். அந்தப் பேனா ஓடிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

ஊசி குத்தி எடுத்த டெஸ்டில் தெளிவாக ஒன்றும் வரவில்லை. வருஷப் பிறப்பு முடிந்து 24ஆம் திகதி ஒரு நெறியை வெட்டி எடுத்தார்கள். இரண்டு கிழமையில் ரிப்போர்ட் என்றார்கள். நேற்று அரைநாள் லீவு போட்டுப் போனேன். ஜன்னலில் இருந்தவர் தலை நிமிர்த்தாமலே சிங்களத்தில் "தாம ஆவே நே", இன்னும் வரவில்லை, என்றார். ஏன் வரவில்லை என்று கேட்டால், இன்னும் ஏதோ டெஸ்ட் போட்டிருக்கிறார்களாம், அடுத்த வியாழக்கிழமை வரட்டாம். அந்த "இன்னும் ஏதோ" இருக்கிறதே, அதுதான் என்னைத் தின்கிறது. நல்லதாக இருந்தால் அப்போதே தந்திருப்பார்கள்தானே?

டொக்டர் சொன்னது இரண்டு பெயர். காசநோய், இல்லாவிட்டால் லிம்போமா, அதாவது நெறியில் வருகிற புற்றுநோய். எனக்குக் காசநோயைத் தா என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்த முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியாரிடமும் போய் அதையே கேட்டேன்.

பகலில் கடை இருக்கிறது, சமாளிக்கலாம். இரவு 2 மணிக்கு முழிப்பு வரும். கை தானாக மற்ற நெறிக்குப் போகும். அமர்த்தி அமர்த்திப் பார்த்து அந்த இடமே இப்போது நோகிறது, நோகிறதென்று அதற்கும் ஒரு பயம். அப்புறம் போனை எடுத்தால் விடிந்துவிடும். அவரிடம் "சின்னக் கட்டி, எடுத்தாச்சு" என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு அதிலும் பாதி. யாரும் என் வருத்தத்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டாம். இப்படிக் காத்திருந்தவர்கள் அந்த நாட்களை எப்படி ஓட்டினீர்கள்?

லேப் தம்பி:

அக்கா, நான் ஒரு ஆய்வுகூடத்தில், வெட்டி எடுத்த துண்டுகளைச் சோதிக்கிற ஹிஸ்டொலொஜி பகுதியில் வேலை செய்கிறேன். உங்கள் துண்டை நான் பார்க்கவில்லை, அதனால் அதைப்பற்றிப் பேச மாட்டேன். வழமையாக நடப்பதைச் சொல்கிறேன். துண்டு முதலில் ஃபோமலினில், அதாவது அழுகாமல் வைக்கிற மருந்துத் தண்ணீரில், ஊற வேண்டும். பிறகு மெழுகில் பதித்து, மயிரை விட மெல்லியதாகச் சீவி, சாயம் போட்டுப் பார்ப்பார்கள். முதல் சாயத்திலேயே விஷயம் பிடிபட்டால் சீக்கிரம் வரும். பிடிபடாவிட்டால் வேறு சாயங்கள்: காசநோய்க் கிருமியைத் தேட ஒன்று, லிம்போமாவா என்று பார்க்க இம்யூனோ என்று ஒரு வரிசை. "அது இல்லை" என்று கையெழுத்து வைப்பதற்கும் இதே சாயங்கள்தான் போட வேண்டும். தாமதத்தை வைத்து நல்லதா கெட்டதா என்று எங்களுக்கே சொல்லத் தெரியாது.

இன்னொன்று. வெட்டும்போது ஒரு துண்டை ஃபோமலினில் போடாமல் சேலைனில் (உப்புத் தண்ணீரில்) தனியாக அனுப்பினார்களா என்று கிளினிக்கில் கேளுங்கள். ஃபோமலின் கிருமியைக் கொன்றுவிடும், அதில் ஊறியதை வைத்துக் கிருமியை வளர்க்க முடியாது. காசநோய்க் கிருமியைத் தேடுகிற ஜீன் எக்ஸ்பர்ட் மெஷினில் ஏற்றினால் சுமார் 2 மணித்தியாலத்தில் பதில் வரும். வளர்த்துப் பார்க்கிற கல்ச்சருக்கு 6 முதல் 8 கிழமை கூடப் போகும். ஜன்னலில் கேட்காதீர்கள், கிளினிக் புத்தகத்தோடு போய் உள்ளே நேர்ஸிடம் கேளுங்கள்.

மூச்சு முட்டினால், முகம் வீங்கினால், விழுங்கக் கஷ்டமென்றால், வெட்டிய இடத்தில் சீழ் பிடித்தால் வியாழன் வரை பார்த்திருக்க வேண்டாம். அன்றைக்கே போய்விடுங்கள்.

வெள்ளவத்தை மாமி:

பிள்ளை, ஒன்றும் யோசிக்காதேங்கோ. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினால் நெறி கரையும். என் நாத்தனாருக்கு மூன்றே நாளில் போனது.

லேப் தம்பி:

மாமி, அவவுக்குத் தையல் போட்ட காயம். தயவுசெய்து வேண்டாம்.

தெமட்டகொடை வாசி:

தங்கச்சி, 2019இல் எனக்கும் இதே இடத்தில் வந்தது. எனக்குக் காசநோய் என்று வந்தது. உங்களுக்கும் அதுதான் என்று சொல்ல வரவில்லை. 6 மாதம் மாத்திரை, எல்லாம் அரசாங்கத்தில் இலவசம். முதல் மாத்திரை போட்ட அன்று மூத்திரம் செம்மஞ்சளாகப் போனதைப் பார்த்து நடுங்கிவிட்டேன். அது மருந்தின் நிறம்தானாம்.

ரிப்போர்ட்டுக்காக 19 நாள் காத்திருந்தேன். எனக்கும் கை கழுத்தை விட்டு வராது. இரவில் துவாயைச் சுற்றிக்கொண்டு படுத்தேன், கை போனால் துவாயில்தான் முட்டும். போனை அலுமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை மகளிடம் கொடுத்தேன். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் காலையும் பின்னேரமும் காய்ச்சலை அளந்து எழுதினேன், கிழமைக்கு ஒருதரம் உடல் நிறையையும் எழுதினேன். எழுதி மூடினால் அன்றைக்கு அவ்வளவுதான், மறுபடி யோசிக்கக் கூடாது என்று ஒரு சட்டம். பாதி நாள் மீறினேன். ஆனால் டொக்டர் அந்தக் கொப்பியை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்.

மனைவியிடம் நாலாவது நாள்தான் சொன்னேன். அந்த நாலு நாளை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். வியாழக்கிழமை தனியாகப் போகாதீர்கள்.

கொட்டாஞ்சேனைக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மாமி, கோபிக்காதேங்கோ, பூசவில்லை.

இன்று கிளினிக்கில் கேட்டேன். சேலைனில் ஒரு துண்டு போயிருக்கிறதாம், நேர்ஸ் புத்தகத்தில் தேடிக் காட்டினார். வியாழக்கிழமை கடையில் கூட வேலை செய்கிற பிள்ளை வருகிறாள்.

நேற்றிரவு அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "ஒரு மாதமாக வீடியோவில் கழுத்தைக் காட்டாமல் கதைக்கிறாய், எனக்குத் தெரியாதா" என்றார். இனி 2 மணிக்கு முழித்தால் கூகிளை விட்டுவிட்டுத் தன்னைக் கூப்பிடட்டாம். அங்கே அப்போது பதினொன்றரைதான், ஷிப்ட் முடிந்து வந்து சமைக்கிற நேரமாம்.

துவாய் சுற்றிப் பார்த்தேன் அண்ணா. பத்து நிமிஷம்தான், இந்த வெக்கையில் முடியாது. மகனின் பழைய சீ.ஆர். கொப்பியில் மிச்சமிருந்த தாள்களில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முதல் வரி: பின்னேரம் 6 மணி, 99.8.