கலைச்சொல் உதவி: அருகிய? அழிந்துவரும்? இடருறு? (வெள்ளிக்குள் வேண்டும்)

மடல் 1

குழுவினருக்கு வணக்கம். பள்ளிகளுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். நம் கடற்கரையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஆபத்தில் இருக்கும் மீன், ஆமை, தவளை பற்றியது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

ஐ.யு.சி.என். என்ற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் செம்பட்டியலில் (ரெட் லிஸ்ட்) ஆபத்துக்கு மூன்று படிகள், கடுமையானது முதலில்: கிரிட்டிக்கலி எண்டேஞ்சர்டு, எண்டேஞ்சர்டு, வல்னரபிள். மூன்றுக்கும் சேர்த்துப் பொதுப்பெயர் திரெட்டண்டு. அழுங்காமை முதல் படியில் இருக்கிறது, பங்குனி ஆமை மூன்றாம் படியில். நாளிதழ்களில் இரண்டுமே ‘அழிந்துவரும்’ ஆமைகள்தான். விக்கிப்பீடியாவில் மிக அருகிய இனம், அருகிய இனம், அழிவாய்ப்பு இனம் என்று இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாமா?

மடல் 2

தாராளமாக. அருகுதல் என்றால் குறைதல். ஒரு வழக்கு எப்போதாவதுதான் வரும் என்றால் உரையாசிரியர்கள் ‘அருகி வரும்’ என்றே எழுதுவார்கள். கைக்குள் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிதாகத் தேட வேண்டாம்.

மடல் 3

ஐயா, நான் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறேன். ‘அருகிய ஆமை’ என்று பலகையில் எழுதிப் பொருள் கேட்டேன். ஒரு பையன் ‘கரைக்கு அருகில் வாழும் ஆமை’ என்று நோட்டில் எழுதி, அலைக்குப் பக்கத்தில் ஆமைப் படமும் போட்டிருந்தான். தப்பு என்று போட எனக்கு மனசு வரவில்லை. அவனுக்குத் தெரிந்த தமிழில் அது சரியான விடைதான். ‘அழிவின் விளிம்பில்’ என்றால் எல்லோருக்கும் புரியுமே?

மடல் 4

> அவனுக்குத் தெரிந்த தமிழில்

தெரியாத தமிழைச் சொல்லிக்கொடுக்கத்தானே அம்மா வகுப்பு? பையன் பிழை செய்யவும் இல்லை. அரு, அரிது, அருமை, அருகல் எல்லாம் ஓரடியில் கிளைத்தவை என்பது என் கருத்து. இடைவெளி குறைந்தால் அருகு, எண்ணிக்கை குறைந்தால் அருகல். இதைச் சொன்னால் அவன் ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

கையேட்டில் ‘ஆமைக்குஞ்சு’ என்று வருமானால் அதையும் மாற்றுங்கள். தவழ்பவற்றின் இளமைக்குத் தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, பிள்ளை என்ற பெயர்களைத் தருகிறது. ஐங்குறுநூற்றில் யாமையின் இளம்பார்ப்பு தாய்முகம் நோக்கி வளர்கிறது.

மடல் 5

ஐயா, அது பொய்கை ஆமை. கடலாமை மணலில் முட்டையிட்டு, குழியை மூடிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். குஞ்சு தாய்முகம் பார்ப்பதே இல்லை.

ஆமை முட்டை தேடி இரவில் கரையில் நடப்பவன் நான். ‘அருகிய’ எனக்கு ஒத்துவரவில்லை. ஒடிசாவின் ருசிகுல்யா கரையில் பங்குனி ஆமை இலட்சக்கணக்கில் ஏறுகிறது. அது அரிதான விலங்கே இல்லை, ஆனாலும் பட்டியலில் இருக்கிறது. செம்பட்டியல் தலையை மட்டும் எண்ணுவதில்லை, சரிவையும் பார்க்கிறது. பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இவற்றில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 80% சரிந்தால் முதல் படி, 50% என்றால் இரண்டாவது, 30% என்றால் மூன்றாவது. வேறு அளவுகோல்களும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் செத்து ஒதுங்கிய ஆமைகளுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தது. இழுவைமடி வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தவை. அருகி இருந்ததால் வந்த சாவா இது? இடர் வந்து செத்தவை. ஆகவே ‘இடர்’ என்ற சொல்லிலிருந்து தொடங்கலாம் என்கிறேன்.

இன்னொன்று, ‘இனம்’ என்று முடிக்க வேண்டாம், ‘நிலை’ என்று முடியுங்கள். பேராமை இரண்டாம் படியில் இருந்தது. 2025 அக்டோபரில் கவலை குறைந்த நிலைக்கு வந்துவிட்டது. நிலை மாறும், இனம் மாறாது.

மடல் 6

இடர் என்றால் துன்பம். வங்கிக்காரர்கள் அதை ரிஸ்க் ஆக்கினார்கள், அரசு பேரிடர் ஆக்கியது. இப்போது ஆமைக்குமா? மாயாற்றில் இருக்கும் திமில் மகசீர் மீனுக்கு ‘மிக அருகிய’ பொருந்தாதா? காவிரிப் படுகையை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை.

வாள் போல மூக்கு நீண்ட வேளா மீனையும் எண்ணிப் பாருங்கள். பட்டினப்பாலையில் பரதவர் சுறவின் கோட்டை (கொம்பை) நட்டு வணங்குகிறார்கள். அது வேளாவின் வாள்தான் என்று நான் நம்புகிறேன். நட்டு வணங்கக் கிடைத்த மீன் இன்று வலையில் படுவதே அபூர்வம். இதற்கு அருகல் என்றல்லாமல் என்ன பெயர்?

மடல் 7

எங்கள் பக்கம் மீன்பிடிப்பவர்கள் ‘வேளா அத்துப்போச்சு’ என்பார்கள். எக்ஸ்டிங்ட் என்பதற்கு ‘அற்றுவிட்ட’ என்றால் அவர்களுக்கும் புரியும், ஐயாவும் மறுக்கமாட்டார் என்று நினைக்கிறேன்.

மடல் 8

அதில் மறுப்பே இல்லை. நல்ல தமிழ்.

மடல் 9

எல்லோருக்கும் நன்றி. வியாழன் இரவு பத்தரை ஆகிவிட்டது, இனியும் தள்ள முடியாது. பொதுப்பெயர் இடருறு நிலை. அதற்குள் கடும் அழிவிடர் நிலை, அழிவிடர் நிலை, அழிவாய்ப்பு நிலை. எழுதியவர்களில் கூடுதல் பேர் இந்தப் பக்கம் சாய்ந்ததால் இப்படி வைத்துக்கொள்கிறேன். முற்றும் இல்லாமல் போனதற்கு ‘அற்றுவிட்ட’. ஆமைக்குஞ்சு குஞ்சாகவே இருக்கட்டும், பார்ப்பு என்ற சொல்லை அருஞ்சொல் பக்கத்தில் சேர்த்திருக்கிறேன்.

மடல் 10

அச்சுக்குப் போகட்டும், தடுக்கவில்லை. ஆனால் நான் உடன்படவில்லை என்பதும் இங்கே பதிவாகட்டும். வேளாவின் படத்துக்குக் கீழே மட்டுமாவது ‘அருகிய’ என்று ஒரு சொல் போட இடம் இருக்கிறதா?